புல்வயலுக்கு மேலே ஒரு சுரங்கம்

மாலிக் என்ற பெயரைப் பார்த்ததும், "அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரர் மாலிக் அவர்களே" என்றுதான் என் முதல் மின்னஞ்சலை ஆரம்பித்தேன். கிரீன்லாந்தின் தெற்குக் கோடியில் செம்மறியாடு வளர்க்கும் ஒருவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, அவருடைய முன்னோர் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறி அங்கே போனார்கள் என்று கலிபோர்னியாவின் சான் ரமோன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் ஒரு வரலாறு எழுதி முடித்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "எங்கள் மொழியில் மாலிக் என்றால் அலை. கடலில் வருகிறதே, அது. உங்கள் பெயருக்கு என்ன பொருள்?"

சலீம் என்றால் குறையில்லாதவன், பத்திரமானவன் என்று எழுதினேன். "அப்படியானால் பத்திரமாக வந்து சேருங்கள்" என்று பதில் போட்டார்.

சுற்றுச்சூழல் ஆலோசனைத் தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த மாலிக்கின் பள்ளத்தாக்கைப் பற்றி. ஒரு பெயரை வைத்தே அவ்வளவு தூரம் போன நான், அதே மேஜையில் உட்கார்ந்து ஒரு பள்ளத்தாக்கின் எதிர்காலத்தையும் எழுதி முடித்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அது 2007. சுரங்கமோ அணையோ குப்பைக்கிடங்கோ, எது வந்தாலும் அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. பொறியாளர்களும் புவியியலாளர்களும் நிறைந்த அந்தக் கட்டடத்தில் வேளாண்மை படித்தவன் நான் ஒருவன்தான். கூத்தாநல்லூரில் பிறந்து, கோயம்புத்தூரில் மண்ணியல் படித்து, எங்கெங்கோ சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தவன். கூட வேலை பார்த்த ராகவன் சென்னைக்காரர், புவியியலாளர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பக்கத்து ஊரான பிளசன்டனில் எங்கள் இரண்டு அப்பார்ட்மென்ட்டும் அடுத்தடுத்து இருந்ததால் ஒரே காரில் அலுவலகம் போவோம்.

ஹூஸ்டனில் உள்ள ஒரு முதலீட்டாளர் குழுவிடமிருந்து எங்களுக்கு அந்த வேலை வந்தது. தெற்கு கிரீன்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் மேல்முனையில் இருந்த மலையில் அரிய உலோகங்கள் இருந்தன, கூடவே கொஞ்சம் யுரேனியமும். கீழ்முனையில், கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து நிற்கும் இடத்தின் கரையில், மூன்று ஆட்டுப்பண்ணைகள். பூமி சூடாகிக்கொண்டு வந்ததில் பனி விலகி, மலைக்குப் பாதை போடுவது சுலபமாகியிருந்தது. அதே சூட்டில் புல்லும் உருளைக்கிழங்கும் முன்பைவிட நன்றாக வரும் என்றும் பேச்சு. ஒரே வெயில் இரண்டு தரப்புக்கும் கதவைத் திறந்திருந்தது. அந்த நிலத்துக்கு இரண்டில் எது தகும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியுமா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவுத் தலைவி வேலையை இரண்டாகப் பிரித்தார். சுரங்கப் பக்கம் ராகவனுக்கு, விவசாயப் பக்கம் எனக்கு. அவருடைய பெயரை இங்கே சொல்லவில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

கிளம்புவதற்கு முன்பே என் பக்கத்து வரைவு தயாராக இருந்தது. உறைபனி இல்லாத நாட்கள் கூடுகின்றன, ஆகவே புல் கூடும், ஆகவே ஆடு கூடும். மூன்று "ஆகவே" போட்டு ஒரு அழகான கோடு மேலே ஏறுகிற மாதிரி வரைந்திருந்தேன். அதில் எனக்கு அத்தனை சந்தோஷம். பொறியாளர்கள் நடுவே வருஷக்கணக்காக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு, முதல் தடவையாக விவசாயம் ஜெயிக்கிற ஒரு கணக்கு கையில் கிடைத்திருந்தது.

ராகவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன பாய், ஆட்டுக்கு எலக்‌ஷன் மேனிஃபெஸ்டோ மாதிரி இருக்கு?"

அவருடைய பக்கமும் தயாராகத்தான் இருந்தது. சுரங்கத்தில் கிளம்பும் தூசி எங்கே போய் விழும் என்று ஒரு வரைபடம். விமான நிலையத்து வானிலை மையத்தில் எடுத்த காற்றின் அளவுகளை வைத்துப் போட்டது. தூசி மொத்தமும் கடல்மேல் போய் விழுவதாக அது காட்டியது. அந்தப் படத்தை அவர் ஹூஸ்டன்காரர்களிடம் ஏற்கெனவே காட்டிவிட்டார். அவர்களுக்கும் ரொம்பத் திருப்தி.

கிரீன்லாந்துக்குப் போகிற வழி எனக்கு வேடிக்கையாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஏறிய விமானம் கிரீன்லாந்தின் மேலேயே பறந்துபோனது. ஜன்னல் வழியாக வெள்ளைத் தரையைப் பார்த்தேன். ஆனால் இறங்க முடியாது. கோபன்ஹேகன் வரை போய், அங்கே ஒரு நாள் தங்கி, வேறு விமானம் பிடித்து வந்த வழியே பாதி தூரம் திரும்ப வேண்டும். கடைசியில் ஒரு படகு. தண்ணீரில் வீடளவு பனிக்கட்டிகள் நீல நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன. படகோட்டி அவற்றைச் சட்டை செய்யாமல் வளைந்து வளைந்து போனார்.

கரையில் ரப்பர் பூட்ஸ் போட்ட, குட்டையான, உறுதியான ஒரு மனிதர் நின்றிருந்தார். "எது பத்திரம், எது பாறை?" என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். மாலிக் இளவயதில் ஐஸ்லாந்துப் பண்ணைகளில் வேலை கற்றவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்.

ஆகஸ்ட் மாதம். ஸ்வெட்டர் போதும், சில சமயம் அதுவும் வேண்டாம். நான் நினைத்திருந்த வெள்ளை தேசம் அங்கே இல்லை. பச்சைச் சரிவுகள், மரமே இல்லாத மலைகள், வீட்டுச் சுவரோரம் இடுப்பளவுக்கு வளர்ந்த, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடிகள். ஆடுகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கேட்டேன். கோடை முழுக்க அவை மலையில் தம் இஷ்டத்துக்குத் திரியுமாம். செப்டம்பரில் எல்லாரும் சேர்ந்து போய்த் தேடி ஓட்டி வருவார்களாம். பண்ணையின் உயிர் கீழே இருக்கும் புல்வயல்தான். கோடையில் அறுத்துக் கட்டிவைக்கிற புல்தான் ஏழெட்டு மாதக் குளிருக்கு ஆடுகளுக்குத் தீனி. அந்த வயலை உருவாக்க அவருடைய அப்பா காலத்திலிருந்து கல் பொறுக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் அந்தக் கற்கள் ஆள் உயரத்துக்கு மதிலாகக் கிடந்தன.

நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். மண் எத்தனை ஆழம், என்ன உரம், எப்போது விதைப்பு. அவரும் விடவில்லை.

"உங்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை அறுவடை?"

"முன்பெல்லாம் மூன்று. இப்போது தண்ணீர் வந்தால் இரண்டு."

"வந்தாலா?" என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் திறப்பதைப் பற்றியும், அதற்காகக் காத்திருப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அவர் பூட்ஸ் நுனியால் தரையைக் கீறிக்கொண்டே கேட்டார். பிறகு, "இங்கே தோண்டிப் பாருங்கள்" என்றார்.

மண்ணெடுக்கும் குழாயை இறக்கினேன். மேலே நல்ல கறுப்பு மண். ஒரு சாண் கீழே போனதும் மாவு மாதிரி உதிர்ந்தது. வயலின் வேறு நான்கு இடங்களில் எடுத்தேன். எல்லாம் அதேதான். அப்போதுதான் கவனித்தேன், தூரத்தில் பச்சையாகத் தெரிந்த வயலில் கிட்டே வந்தால் திட்டுத்திட்டாக மஞ்சள். பக்கத்து ஓடைப் படுகையில் கல் மட்டும் கிடந்தது. வளர்பருவம் நீள்வதை மட்டும் பார்த்துக் கோடு போட்டவன் நான். ஆள் வந்து தோண்டாதவரை அந்தக் கோடு சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலை மாலிக்கின் மனைவி பிபாலுக் மீன் அவித்து வைத்தார். நான் வெளியில் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று மின்னஞ்சலில் எழுதியிருந்ததை நினைவில் வைத்திருந்தார். அவர் கரையோரக் குடியிருப்பில் இருந்த பள்ளியில் ஆசிரியை. ஏழு பிள்ளைகள் படிக்கிறார்கள், இரண்டு பேர் அடுத்த வருஷம் போய்விடுவார்கள் என்றார். தம்பதியின் ஒரே மகள் டென்மார்க்கில் நர்ஸ்.

சாப்பிடும்போது மாலிக் தானாகவே ஆரம்பித்தார். "குளிர்காலம் குறைந்ததில் எங்களுக்கு சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பனி சீக்கிரம் உருகி ஓடிவிடுகிறது. ஜூலையில் புல்லுக்கு வேண்டிய தண்ணீர் மே மாதமே கடலுக்குப் போய்விடுகிறது. மழையும் சரியாக இல்லை. போன வருஷம் கப்பலில் வெளிப்புல் வரவழைத்தேன்." பிறகு, "சலீம், இதை எழுத வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"இதைப் படித்தால் என்ன சொல்வார்கள்? எப்படியும் சாகப்போகிற பண்ணைதானே, சுரங்கத்தைத் தோண்டலாம் என்பார்கள்."

பிபாலுக் கரண்டியை வைத்தார். "அவர்கள் சொல்வது இருக்கட்டும். நான் சொல்கிறேன், சுரங்கம் வரட்டும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. விவசாயி ஒரு பக்கம், சுரங்கம் மறுபக்கம் என்றுதான் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்தேன். இங்கே ஒரே மேஜையில் இரண்டும் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"வேலை வந்தால் குடும்பங்கள் வரும். குடும்பங்கள் வந்தால் பள்ளி இருக்கும். ஆட்டை நம்பி என் மகள் திரும்பி வரமாட்டாள்" என்றார் பிபாலுக்.

"குடும்பங்கள் வந்து எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? ஆடுகள் எந்தப் புல்லைத் தின்னும்?" என்றார் மாலிக்.

"வயலை நீயும் பார்க்கிறாய், நானும் பார்க்கிறேன். எந்தப் புல்லை என்று என்னைக் கேட்காதே."

கோபமில்லாமல்தான் பேசினார்கள். பலமுறை பேசிப் பேசிப் பழகிய பேச்சு அது. ராகவன் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, பண்ணைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டார்.

"நாளைக்கு வரும் போலிருக்கிறது. நீங்களே பாருங்கள்" என்றார் மாலிக்.

மறுநாள் காலையில் காற்று அசையவில்லை. பத்து மணிவாக்கில் பள்ளத்தாக்கின் மேல்முனையிலிருந்து, உள்நாட்டுப் பனிப்பாளத்தின் பக்கமிருந்து, சூடான காற்று இறங்கியது. பனிக்கட்டியிலிருந்து வரும் காற்று எப்படிச் சூடாக இருக்கும் என்று நானும் ராகவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மலை உச்சியிலிருந்து கீழே இறங்க இறங்கச் சூடாகும் காற்று அது. படித்திருக்கிறேன். முகத்தில் அடித்தபோதுதான் தெரிந்தது. ஆற்றுப்படுகையின் வண்டல் முழுக்கக் கிளம்பி எங்கள் பக்கமாக வந்தது. பண்ணையைத் தாண்டி, புல்வயலைத் தாண்டி, கடைசியில்தான் கடலுக்குப் போனது. நாங்கள் ஓடிப்போய் ஆட்டுக் கொட்டகைக்குள் நின்றோம்.

கொட்டகையின் கிழக்குப் பக்கத்தில் நான்கு ஜன்னல்கள். மற்றப் பக்கங்களின் கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருக்க, இந்த நான்கு மட்டும் பாலைப் பூசியது போல மங்கிக் கிடந்தன. ராகவன் கதவருகே கையை வெளியே நீட்டி, ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தடவினார். சொரசொரப்பாக இருந்திருக்க வேண்டும். விரலைப் பார்த்தார், மறுபடி தடவினார்.

"இது அழுக்கா?" என்று மாலிக்கிடம் கேட்டார்.

"அழுக்கென்றால் கழுவியிருப்பேன். மணல் தேய்த்தது. இளவேனிலில்தான் மோசம், பனி போய் புல் இன்னும் வராத நேரம்."

கிழக்கேதான் சுரங்கம் வரவிருந்தது. விமான நிலையம் இருந்ததோ வேறொரு மலைக்கு அப்பால், வேறொரு கடல்நீட்டில். அங்கே வீசும் காற்று அந்தப் பள்ளத்தாக்கின் போக்கில் வீசும், இங்கே வீசுவது இந்தப் பள்ளத்தாக்கின் போக்கில்.  படகில் திரும்பும்போது ராகவன் சொன்னார். "பாய், நான் போட்ட மேப் தப்பு. டஸ்ட் பூரா அந்த ஃபீல்டு மேலதான் விழும். அந்தப் புல்லைத்தான் விண்டர் பூரா ஆடு திங்கும்."

அவருடைய நிலையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது. வேலை போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஊருக்கே திரும்பவும் நேரலாம். பையன் டேகேரில். மனைவிக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அப்படிப்பட்டவர், வாடிக்கையாளர் முன்னால் காட்டிப் பாராட்டு வாங்கிய படத்தைத் தானே தவறென்று சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து ஒரு வாரத்தில் என் பகுதியை மறுபடி எழுதினேன். காற்றைப் பற்றி இரண்டு பக்கம், கொட்டகை ஜன்னலின் புகைப்படத்தோடு. பண்ணையின் புல்லைப் பற்றிப் பழைய கோட்டையே வைத்தேன். மஞ்சள் திட்டு, வறண்ட ஓடை, மாவு மாதிரி உதிர்ந்த மண் எதுவும் அதில் இல்லை. மாலிக் கேட்டுக்கொண்டார், வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை 680 ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நின்றபோது ராகவன் என் வரைவைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"காத்து விஷயத்தை டீட்டெய்லா எழுதிட்டீங்க."

"எழுதணும்ல ராகவன்? கஷ்டம்தான், எனக்குத் தெரியுது. நீங்களே மீட்டிங்ல சொல்லிட்டா நல்லது."

"சொல்றேன். அது என் மிஸ்டேக், நான்தான் சொல்லணும். தண்ணி மேட்டர் எங்க பாய்?"

"மாலிக் எழுத வேணாம்னாரு. நம்பிச் சொன்னது."

"அவர் சொன்னது சரி. நீங்க தோண்டுனது? அஞ்சு இடத்துல நீங்கதானே எடுத்தீங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேனே." முன்னால் இருந்த லாரி நகர்ந்தது, அவர் காரை நகர்த்தவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "என் மேப்பு தப்புன்னா மைனுக்கு அடி. அதை எழுதுவீங்க. உங்க கிராஃப் தப்புன்னா ஃபார்முக்கு அடி. அதை எழுத மாட்டீங்க. அப்போ நான் மட்டும் எதுக்கு பாய் கிரீன் கார்டை வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கணும்?"

  இத்தனை வருஷ வேலையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை என்பதுதான் ரொம்பச் சுட்டது.

அலுவலகம் போனதும் நேராகப் பிரிவுத் தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார். "மாலிக் உங்களிடம் நம்பிச் சொன்னது என்ன?"

"வெளியிலிருந்து புல் வரவழைத்தது."

"நீங்களே கண்ணால் பார்த்தது?"

"மண். ஓடை. மஞ்சள் புல்."

"முதலாவது அவருடையது. அதை எழுத நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது உங்களுடையது. அதை எழுதாமலிருக்க உங்களுக்கு உரிமை இல்லை." கண்ணை எடுக்காமல் பார்த்தார். "அறிக்கையின் பிரதி பண்ணைக்காரர்களுக்கும் போகும், தெரியுமல்லவா? அவர் அதைத் தபாலில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்ததில் மிகப் பயனுள்ளது அந்த இரண்டு நிமிடம்தான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். யாரோ ஒருவர் சாப்பாடு போட்டு, மனம் விட்டுப் பேசி, இதை வெளியில் சொல்லாதே என்பார். அவர் சொன்னதும் நீங்கள் பார்த்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்து பிரியுங்கள். பொறுமையாகப் பார்த்தால் பிரிக்க முடியும்.

மாலிக்கைத் தொலைபேசியில் அழைத்தேன். புல் வாங்கியதை எழுதவில்லை, ஆனால் வயல் காய்வதை எழுதப்போகிறேன் என்றேன். கம்பியில் காற்று இரையும் சத்தம் கேட்டது.

"என் வீட்டில் சாப்பிட்டீர்கள்" என்றார்.

"சாப்பிட்டேன்."

"கொட்டகைக்குள் அழைத்துப் போய் ஜன்னலைக் காட்டினேன்."

"அதையும் எழுதியிருக்கிறேன்."

"ஒன்று எனக்கு, ஒன்று அவர்களுக்கா?"

"யாருக்கும் இல்லை, மாலிக். பார்த்தது அப்படி."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் போட்ட மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. வீட்டில் என் முகத்தைப் பார்த்து என் மனைவி ஜமீலா என்னவென்று கேட்டாள். சொன்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா அந்த மனுசனுக்கு அது வலிக்கத்தானே செய்யும்" என்றாள். இரண்டும் உண்மையாக இருந்தது.

ஹூஸ்டன்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். ராகவன் எழுந்து தன் பழைய படத்தையே முதலில் போட்டார். "போன தடவை இதை உங்களிடம் காட்டினேன். இது தவறு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னல் புகைப்படத்தைப் போட்டு, ஏன் தவறு என்று விளக்கினார். அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். என் கோட்டைப் போட்டு, "இதுவும் தவறு" என்றேன். குழுவின் தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியானால் சுரங்கமா, பண்ணையா?"

"இப்போது சொல்ல முடியாது. பண்ணை அருகே ஒரு வருஷம் முழுக்கக் காற்றை அளக்க வேண்டும். ஓடையில் தண்ணீரை அளக்க வேண்டும். சுரங்கத்துக்குத் தண்ணீர் வேண்டும், வயலுக்கும் வேண்டும், இருவரும் நம்பியிருப்பது ஒரே ஓடை. அதில் எவ்வளவு வருகிறது என்று இதுவரை யாரும் அளந்ததில்லை."

"இத்தனை மாதம் வேலை பார்த்து, தெரியாது என்பதா பதில்?"

பிரிவுத் தலைவி குறுக்கிட்டார். "எது தெரியாது என்று இன்றைக்குத் தெரியும். போன மாதம் அதுவும் தெரியாது."

குழுத் தலைவரின் முகம் மலரவில்லை. ஆனால் காற்றளக்கும் கம்பம் நட ஒப்புக்கொண்டார். ராகவனை அடுத்த ஒரு வருஷத்துக்கு எந்த வாடிக்கையாளர் கூட்டத்துக்கும் நிறுவனம் அனுப்பவில்லை. மேலிடத்தில் யாரோ அப்படி விரும்பியிருக்கிறார்கள். அவர் அதைப் பற்றிப் புகார் சொன்னதே இல்லை. வேலை போகவில்லை, கிரீன் கார்டும் வந்தது, ஆனால் அந்த ஒரு வருஷம் அவர் காரில் பாட்டுப் போடுவதை நிறுத்தியிருந்தார்.

கம்பம் ஒரு வருஷம் காற்றை அளந்தது. காற்று கிழக்கிலிருந்துதான் வந்தது. ஆனால் அதை வைத்து ஒரு முடிவெடுப்பதற்குள் 2008-இன் இறுதியில் சந்தை விழுந்தது. ஹூஸ்டன்காரர்கள் ஒரு வரிக் கடிதத்தில் விலகிக்கொண்டார்கள். எங்கள் அறிக்கையால் சுரங்கம் நின்றது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நல்ல வேலையைச் செய்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் எல்லாம் முடிவதைப் பார்ப்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அதற்கும் தயாராக இருங்கள்.

2009-இல் நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், அலுவலகத் தொலைபேசியில் மாலிக் அழைத்தார். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவரே பேசினார். அந்த ஆண்டு கிரீன்லாந்துக்குக் கூடுதல் தன்னாட்சி கிடைத்திருந்தது. நிலத்தடியில் இருப்பதைப் பற்றி இனி அவர்களே தீர்மானிக்கலாம். வேறொரு நிறுவனம் அதே மலையைக் கேட்டு வந்திருக்கிறதாம். அதை ஆராயும் உள்ளூர்க் குழுவில் அவரைப் போட்டிருக்கிறார்களாம்.

"முந்நூறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?"

கொஞ்சம் யோசித்தேன். "எழுதியவர்களுக்குப் பாதகமான விஷயம் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எதையோ விட்டிருக்கிறார்கள்."

 "உங்கள் அறிக்கையில் அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"முப்பத்தொன்று" என்றேன். பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தெரியும். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பிபாலுக் கடிதம் போட்டு இன்னொரு பிரதி வாங்கினாள்" என்றார். "அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனாள். எங்கள் வயல் காய்கிறது, நாங்கள் சொன்னால் நம்பமாட்டீர்கள், இதோ வெளியாள் எழுதியிருக்கிறான் என்றாள். மேல் ஓடையில் ஒரு சின்ன அணை போட உதவி கிடைத்தது. உருகுகிற தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். இந்த ஜூலையில் வயலுக்கு விட்டோம்."

"புல் எப்படி?"

"போதவில்லை. ஆனால் மஞ்சள் குறைந்திருக்கிறது."

 "அப்படியானால் பிபாலுக் இப்போது உங்கள் கட்சியா?" என்று கேட்டேன்.

மாலிக் சத்தமாகச் சிரித்தார். "எங்கே? இன்னும் சுரங்கம் வேண்டும் என்றுதான் சொல்கிறாள். குழுவில் அவளும் இருக்கிறாள். அறிக்கையில் அவள் பாதியைப் படிக்கிறாள், நான் பாதியைப் படிக்கிறேன். வியாழக்கிழமை முதல் கூட்டம். இரண்டு பேரும் ஒரே படகில்தான் போக வேண்டும், எங்களிடம் இருப்பது ஒன்றுதான்."